ஒரு லாக் குறைகிறது

பழைய மோட்டார் சைக்கிளின் இஞ்சினில் மேல்பாகத்தை மட்டும் கழற்ற ஒரு பகல்பொழுது போதும். திரும்ப மாட்ட எத்தனை நாள் என்பது மாட்டுகிறவரின் மனசைப் பொறுத்தது. பம்ப்காரர் அதை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்.

குடிநீர் வாரியத்தின் பம்ப் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். அவர் மனைவியை நர்ஸம்மா என்பார்கள். ஆயுசில் பாதியை ஆப்பரேஷன் தியேட்டரில் கழித்தவள். மனைவிதான், ஆனால் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பல வருஷம் ஆகிவிட்டது. சண்டையும் இல்லை, கோர்ட்டும் இல்லை. வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மேட்ரன் பதவி கிடைத்தது. "என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். "போறதுன்னா போ" என்றார் இவர். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்ல வீம்பு விடவில்லை. அவள் போய்விட்டாள். அப்புறம் விடுமுறைக்கு வந்தாள், மகள் கல்யாணத்துக்கு வந்தாள். பக்கத்தில் நின்று சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிடிவாதக்காரர் தாராளமாகப் போதும். இங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

வண்டி, கல்யாணமான புதிதில் இரண்டு சம்பளத்தையும் போட்டு வாங்கியது. வாங்கும்போதே கிழடு. ஆனால் அந்த ஒற்றை சிலிண்டர் நிதானமாகத் தட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டுத் தெருக்கோடி பெட்டிக்கடைக்காரர் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். நைட் டியூட்டிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டதும், விடியக்காலை ஆஸ்பத்திரி கேட்டில் காத்திருந்து கூட்டி வந்ததும் அதில்தான். வரும் வழியில் அவள் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவாள். விழுந்துவிடப் போகிறாளே என்று அவர் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவார். கிளட்ச் பிடிக்கக் கை இருக்காது என்பதால் வீடு வரைக்கும் ஒரே கியர்தான். வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை.

அவள் ஊரை விட்டுப் போன கொஞ்ச நாளில் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. இவர் தார்ப்பாய் போட்டு மூடினார். அதோடு சரி.

இப்போது நர்ஸம்மாவும் ஓய்வு பெற்று, இரண்டு தெரு தள்ளித் தன் தங்கை வீட்டு மாடியில் வந்து தங்கியிருந்தாள். மகள் தூரத்து ஊரிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, வண்டியை ஏன் துருப்பிடிக்க விடறீங்க? ஓட வச்சுக் குடுங்க, நான் எடுத்துக்கறேன். அம்மாவும் எங்களோட இருக்க வர்றாங்க. வண்டி ரெடியானதும் சொல்லுங்க, ஒரே வேன்ல ரெண்டு பேரையும் ஏத்திடலாம்."

பெற்ற தாயையும் வண்டியையும் ஒரே சாமான் கணக்கில் சேர்த்துவிட்டாள். பம்ப்காரர் சரியென்று சொல்லிவிட்டுப் போய் வண்டியின் தார்ப்பாயை விலக்கினார்.

மறுநாள் காலை நர்ஸம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் வெளுத்த பழைய படுக்கை விரிப்பு.

"தங்கச்சி சொன்னா, வண்டியைப் பிரிக்கப் போறீங்களாம். உங்கள தனியா விட்டா பாதி சாமான் கட்டிலுக்கு அடியில போயிடும். மேசையைக் காலி பண்ணுங்க."

வண்டியைக் கூடத்துக்குள் தள்ளி வந்தார்கள். அப்படித்தான் அது ஆரம்பித்தது. தினமும் காலையில் வருவாள், சாயங்காலம் போய்விடுவாள். பிரித்த ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, விரிப்பின் மேல் வரிசையாக அடுக்குவாள். 'கத்தரி' என்று டாக்டர் கையை நீட்டினால் அவள் வைப்பாளாம். இங்கே 'பத்தாம் நம்பர்' என்று அவர் கையை நீட்டினால் ஸ்பேனர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கல்யாணமான புதிதில் முதல்முறை இதே இஞ்சினைப் படுக்கையறையில் வைத்துப் பிரித்தபோதும் இப்படித்தான் செய்தாள். அப்போது இடையிடையே இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சிரிப்பில்லை, ஆனால் கைகள் எதையும் மறந்திருக்கவில்லை. மேசையில் வேலை செய்த கைகளை மட்டும் யாராவது பார்த்தால், இவர்கள் ஒருநாள்கூடப் பிரிந்ததில்லை என்றுதான் நினைப்பார்கள்.

சிலிண்டரை லேத் பட்டறைக்கு அனுப்பி, தேய்ந்த உள்சுவரைக் கடைந்து வாங்கினார்கள். அளவுக்கேற்ற புது பிஸ்டனும் ரிங்கும் வந்தன. வால்வுகளுக்குப் பேஸ்ட் தடவி, வால்வைக் கவ்விய கம்பை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி உருட்டித் தேய்க்கும் வேலை அவருடையது. வால்வுகள் உட்காரும் மூடியான ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி, சொட்டுகிறதா என்று பார்ப்பது அவளுடையது.

"கசியுதா?"

"இல்ல. நல்லாத்தான் தேய்ச்சிருக்கீங்க."

"இன்னொரு தடவை தேய்ச்சுப் பார்க்கறேனே."

"வால்வே கரைஞ்சு போயிடும், விடுங்க."

அவர் எதையாவது இன்னொரு தடவை செய்யத்தான் ஆசைப்பட்டார். போல்ட்டுகளைப் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்தார். யார் கண்ணிலும் படாத இடத்துக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார். நல்ல கேஸ்கட்டை மட்டம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். ஆனால் எந்த வேலைக்கும் முடிவு உண்டல்லவா? பிஸ்டனை மாட்டி, அதன் மேல் சிலிண்டரை இறக்கி, ஹெட்டை வைத்து முறுக்கினால் வண்டி ரெடி. வண்டி ரெடியென்றால் வேன் வரும். வேன் வந்தால் இந்த வீட்டில் மறுபடியும் ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர். ஆனால் கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்டுவிட முடியுமா? அவருடைய வீம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை.

பிஸ்டன் மாட்டும் நாள் வந்தது. பிஸ்டனுக்குக் குறுக்கே ஒரு பின் போகும். அது நழுவி வெளியே வந்துவிடாமல் இரண்டு பக்கமும் சின்னக் கம்பி வளையம் மாட்டுவார்கள். பட்டறைகளில் அதற்கு லாக் என்று பெயர். ஒரு பக்க லாக்கைப் பம்ப்காரர் மாட்டிவிட்டார். இன்னொன்று உள்ளங்கையில் இருந்தது.

நர்ஸம்மா டீ போடச் சமையலறைக்குப் போயிருந்தாள். சர்க்கரை எங்கே, வடிகட்டி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரிக் கதவு திறக்கும் சத்தம், கரண்டி டம்ளரில் படும் சத்தம், அவள் ஏதோ பாட்டை மூக்குக்குள் முனகும் சத்தம். நாளைக்கு இதெல்லாம் இருக்காது என்று நினைத்தார். அவ்வளவுதான். கை அவரைக் கேட்காமலேயே லாக்கைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டது.

கணக்கு எளிமையாகத்தான் இருந்தது. லாக் தொலைந்துவிட்டது என்பார். இந்த வண்டிக்கு உதிரிபாகம் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும், அது வர இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்துக்கு டீயும் முனகலும் நிச்சயம்.

டீயை வைத்துவிட்டு அவள் விரிப்பைப் பார்த்தாள். மூடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்ப்பது அவள் வழக்கம். உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"ஒரு லாக் குறையுது."

"அது பிளையர்ல இருந்து தெறிச்சிடுச்சு. வேற சொல்லி அனுப்பலாம்."

"தெறிச்சு எங்க போச்சு?"

"எங்கயோ போச்சு. குண்டூசி மாதிரி சாமான், அதைப் போய்த் தேடிக்கிட்டு…"

அவள் இஞ்சினைப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. "துணி எங்க?"

சிலிண்டர் இல்லாத இஞ்சினின் திறந்த வாயில் துணியை அடைத்துவிட்டுத்தான் லாக் மாட்டுவார்கள், எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று. உள்ளே எண்ணெய் விடுவதற்காகத் துணியை எடுத்தவர், திரும்ப வைக்க மறந்திருந்தார். அது தரையில் கிடந்தது.

"அப்ப உள்ளதான் விழுந்திருக்கு."

"உள்ள விழலை."

"பார்த்தீங்களா?"

சட்டைப்பையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவள் தரையில் மண்டியிட்டு மேசைக்கடியில் டார்ச் அடித்தாள். மூட்டுவலிக்காரி. பீரோவுக்கடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். பாயைத் தூக்கி உதறினாள். காந்தத்தை நூலில் கட்டி இஞ்சினுக்குள் இறக்கி மெல்லச் சுற்றினாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"முழு இஞ்சினையும் இறக்கிப் பிரிச்சிடலாம்," என்றாள். "உள்ள இருக்குன்னுதான் வச்சுக்கணும். இல்லேன்னு தெரியற வரைக்கும் மூடக் கூடாது."

முழு இஞ்சின்! அதற்கு இரண்டு வாரமா, இரண்டு மாசம் ஆகும். அவர் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஒரு நொடி வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்போதுதான் ஸ்பேனரை எடுக்கப் போன அவள் கையைப் பார்த்தார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்த நடுக்கத்தை அவர் முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். மகள் பிறப்பதற்கு முந்தைய வருஷம். தியேட்டரில் பஞ்சுத்துணிகளை எண்ணிச் சரியென்று சொல்லிவிட்டாள். தையல் போட ஆரம்பித்தபிறகு ஏதோ மனசு கேட்காமல் மறுபடி எண்ணினால் ஒன்று குறைந்தது. அது நோயாளியின் வயிற்றுக்குள் இருந்தது. எடுத்துவிட்டார்கள், அந்த ஆளும் நன்றாக நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி கேட்டில் வண்டியில் ஏறும்போது அவள் கை இப்படித்தான் நடுங்கியது. வீட்டுப் படியில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை எண்ணலேன்னா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, நடுக்கம் அடங்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அந்தக் கைகளோடு இன்றைக்கு விளையாடிவிட்டார்.

தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. சட்டைப்பைக்குள் விரலை விட்டு லாக்கை எடுத்து விரிப்பின் மேல் வைத்தார்.

நர்ஸம்மா அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எங்க இருந்துது?"

"பையில. நான்தான் போட்டேன்."

"ஏன்?"

இனி ஒளித்துவைக்கப் பம்ப்காரரின் பையில் எதுவும் இல்லை. "மூடிட்டா நீ போயிடுவ. போகாத. இத அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

அவள் கண் கலங்கிவிட்டது. கோபத்திலா வேறெதிலா என்று அவருக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தது என்பது மட்டும் உறுதி.

"நான் பயந்து செத்தேன். தெரியுமா? அன்னிக்கு என்ன செய்யட்டும்னு கேட்டேன்ல, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெட்டியையே எடுத்திருக்க மாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷம். அதுவும் என் எண்ணிக்கையில கை வச்சு!"

"தப்புதான்."

"பெரிய தப்பு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "துணியை எடுத்து அடைங்க. கையைக் கழுவிட்டு வாங்க."

லாக்கை அவளே மாட்டினாள், விரலால் சுற்றித் தடவி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். ரிங்குகளை விரல்களால் அழுத்திப் பிடித்தாள், அவர் துணியை உருவிவிட்டுச் சிலிண்டரை மெல்ல இறக்கினார். இரண்டு பேரின் மூச்சும் ஒரே சமயத்தில் நின்று, சிலிண்டர் உட்கார்ந்ததும் ஒரே சமயத்தில் வந்தது. ஹெட்டை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். சாயங்காலம் வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பம்ப்காரர் கதவருகே நின்று, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, காலம் கடந்துவிட்டது என்று தன்னையே தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

மறுநாள் காலை வண்டியை வாசலில் நிறுத்தினார்கள். கார்புரேட்டரைத் தட்டிப் பெட்ரோல் வரவைத்து உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். இருமியது. அடுத்த உதையில் பிடித்துக்கொண்டது. அதே தட்டல், அதே நிதானம். பெட்டிக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நர்ஸம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டாள். பம்ப்காரருக்கு அந்த விடியற்காலைகள் எல்லாம் மொத்தமாக வந்து நெஞ்சில் இடித்தன. இஞ்சினை நிறுத்திவிட்டு, "ரெடியாயிடுச்சு. போன் பண்ணிச் சொல்லிடு," என்றார்.

அவள் அங்கேயே நின்று மகளுக்குப் போன் செய்தாள்.

"வண்டி ஓடுதும்மா… இல்ல, வேன் வேணாம். புது ரிங், புது பிஸ்டன். ஓட்டிப் பழக்காம யார் கையிலயும் குடுக்கக் கூடாது… மெதுவாத்தான் ஓட்டணும். அப்பாவுக்கு விட்டா ஆக்ஸிலரேட்டரை முறுக்கிடுவாரு, பின்னால ஒரு ஆள் உட்காரணும்… வேற யாரு, நான்தான்." போனைக் கையால் பொத்திக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள். "பழக எவ்வளவு நாளாகும்னு கேக்கறா."

"ரொம்ப நாளாகும்னு சொல்லு," என்றார்.

"ரொம்ப நாளாகுமாம்," என்று போனில் சொல்லிவிட்டு அதை வைத்தாள். "என் பெட்டி தங்கச்சி வீட்ல இருக்கு. எடுத்துட்டு வந்துடலாம், வண்டியை எடுங்க."

அவர் உதைத்தார். அவள் ஏறி உட்கார்ந்து, தூங்கவில்லை என்றாலும், கையை முன்னால் நீட்டினாள். அந்த மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார்.