பக்குவத்துக்கு முன்னால்

அலமாரியின் அடித்தட்டிலிருந்து கணவன் அந்த ஒயின் பாட்டிலை எடுத்து வந்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விளையாட்டுக்கு அதைத் தொடப்போன அவள் தம்பியிடம், "கையை ஒடிச்சிடுவேன் மச்சான்" என்று சீறியவன் அவன்.

"இன்னும் பத்து வருஷம் ஆகணும்னு சொன்னீங்க?"

"இன்னிக்கு ஆட்டுக்கறிதானே. சரியா இருக்கும்."

பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு ஒயின் தேர்ந்து வாங்குவது அவன் வேலை. பிரெஞ்சு சிவப்பு ஒயின் என்றால் அங்கே அவன் மூக்கு சொன்னதுதான் சட்டம். இளசான போர்தோ ஒயின் வாயைக் கட்டிப்போடும், துவர்ப்பு அடங்கும்வரை அதைச் சீண்டக் கூடாது. முதிர்ந்த பர்கண்டிக்குக் காளானும் வாட்டிய கோழியும் போதும், காரம் பட்டால் செத்துப்போகும். பழைய பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்துக் கசடு கலங்காமல் சாய்க்க வேண்டும். கேட்டுக் கேட்டு இதெல்லாம் அவளுக்கே மனப்பாடம். பொறுமை இல்லாதவனுக்கு ஒயின் எதற்கு என்று ஊரெல்லாம் அலுத்துக்கொள்கிற மனுஷன், ஒரு வாரமாகத் தினம் ஒன்று திறந்துகொண்டிருந்தான். முதலில் பழையவை. அவை தீர்ந்ததும் இளையவை. இப்போதாவது வாழத் தோன்றியதே என்று அவளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் அவன் முகம் மட்டும் ஏன் இறுகிப்போகிறது என்று கேட்க வாய் வரவில்லை.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். திரும்பிப் படியிறங்கும்போதே தீய்ந்த வாடை குப்பென்று அடித்தது. ஓடி வந்தாள். சட்டியில் கறி கரியாகிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி அவன் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, தீயுதே, தெரியலையா?"

திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் அடுப்பை அணைத்தாள். அவன் கிளாஸை நீட்டினான்.

"மோந்து பாரு. எப்படி இருக்கு, சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. வர்ணிப்பது அவன், தலையாட்டுவது அவள். அவள் கிளாஸைத் தொடாமல் அவன் மூக்கையே பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. சளின்னுதான் நெனச்சேன். போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்க." நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "இங்க ஏதோ இருக்காம். உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"ஒண்ணும் ஆகாது. இதை மூடி வைங்க. இன்னும் எத்தனையோ வருஷம் தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தாங்கும்," என்றான். "ஒயின் தாங்கும்."

அவள் கிளாஸை வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். கருகிய கறியைத் தவிர அவள் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

"கறுப்புத் திராட்சை," என்றாள். "அப்புறம்... மழை பெஞ்ச மண்ணு."

அவன் கண்களை மூடிக்கொண்டான். புகை அவன் தோள்மேல் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

"ம்... அப்புறம்?"