கன்னத்தில் விழுந்த மருந்து

1

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வந்து உட்காருங்கள். சுவரோரம் ஓதம் ஏறியிருக்கிறது, இப்படித் தள்ளி வாருங்கள். ஒரு கதை சொல்கிறேன் என்றேன் அல்லவா, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுதி முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் எதிரில்தான் எழுதப்போகிறேன். அடித்தது, திருத்தியது எல்லாம் கண்ணில் படும். நான் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்தவள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை பம்பாயில், வடாலா ஸ்டேஷனில் ரயிலேறியது. பெண்கள் பெட்டியில் ஒருத்தி அண்ணாந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். வண்டி குலுங்கியதில் மருந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. அப்போதுதான் ஏறிய இன்னொருத்தி அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தாள். மருந்துக்காரி ‘நான் அழவில்லை’ என்று சொல்லவில்லை. செம்பூர் வருகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

நான் கண்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் பொய்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

சொர்ணம்மாளின் கண்கள் பாலைவனத்தைப் போல வறண்டு

(வேண்டாம். பாலைவனத்தை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.)

மறுபடியும்:

1964-இல், தாராவியில், வரிசையாக அறைகள் கொண்ட ஒரு சாலில் சொர்ணம்மாள் குடியிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய் ஒன்பது வருஷம். சட்டைகளுக்குக் கையால் காஜா எடுக்கும் வேலை. பொத்தான் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டி முடிக்கும்வரை கண் கொட்ட முடியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கண்ணுக்குள் ஒரு பிடி மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரியும்.

(முதல் பிரதியில் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். மகன் இருந்தால் அவனே மருந்தை விட்டுவிடுவான், கதை அதோடு தீர்ந்துபோகும். அடித்துவிட்டேன். ஒரே பேனாக் கோட்டில் ஒருத்தியைத் தனியாளாக்கிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.)

சாலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால். எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சுந்தரராமன் மாதுங்காக்காரர். இமையைப் புரட்டிப் பார்த்தார்.

“கண்ல ஈரமே ஊற மாட்டேங்கறதும்மா. இதுக்கு ஆபரேஷன் கிடையாது. சொட்டு மருந்துதான். ஒரு நாளைக்கு நாலு வேளை.”

“எம்புட்டு நாளைக்குங்கய்யா?”

“இருக்கற வரைக்கும்.”

கடையில் விற்கும் சீமை மருந்தை வாங்கினால் அடுப்பு எரியாது. ஆஸ்பத்திரியிலேயே கலந்து இனாமாகக் கொடுத்தார்கள். மாதம் ஒரு புட்டி, புட்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். “ஷீஷி கிதர் ஹை, பாயி?” என்று கம்பவுண்டர் இந்தியில் புட்டி கேட்டு அதட்ட, சொர்ணம்மாள் வெந்நீரில் கழுவிய புட்டியை நீட்டினாள்.

3

மருந்து நல்ல மருந்து. கண்ணுக்குள் போனால், மணல்மேல் தண்ணீர் தெளித்தாற்போல அடங்கியது. போனால்தானே! சொட்டு இறங்குவதைப் பார்த்ததும் இமை தானாக மூடிக்கொள்ளும். பாதி மருந்து கன்னத்துக்குப் போய்விடும்.

அப்படி வழிந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அடுத்த அறைப் பேராச்சி எட்டிப் பார்த்தாள். குழாயடியில் குடத்தை நகர்த்தியதாகச் சண்டை வந்து, எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

“என்ன மதினி, அழுதியளா?”

சொர்ணம்மாள் வாயைத் திறந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு ‘மதினி’. வாயை மூடிக்கொண்டாள்.

“ஊர்லேருந்து கெட்ட சேதியா?”

தலை தானாக ஆடிவிட்டது.

“யாரு?”

“தங்கச்சி.”

அவளுக்குத் தங்கச்சி கிடையாது. என் கதையில் நான் ஒருத்தியைப் பொய்யாகப் படைத்தேன். அவள் என்னைக் கேட்காமலே இன்னொருத்தியைப் படைத்துவிட்டாள்.

4

சாவு என்றால் நம் பக்கத்துச் சனங்கள் துட்டி கேட்காமல் விடுவார்களா? விடிவதற்குள் வாசலில் பதினோரு பெண்கள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி துவையல். இசக்கி காப்பிச் செம்போடு வந்தாள்.

“சீனி தூக்கலாப் போட்டிருக்கேன். துட்டிக்குச் சீனி ஆவாதுன்னு எவளாவது வாயைத் தொறந்தியோ, மொகத்துல ஊத்திருவேன்.”

“நீ ஊத்துவ, ஆறுன காப்பிதானேட்டி?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

துட்டி வீட்டில் சிரிக்கக் கூடாதென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

“தங்கச்சி பேரு என்ன மதினி?”

“மீனாட்சி.”

(இந்தப் பெயரை நான் கொடுக்கவில்லை. அவளாகச் சொன்னது.)

மூன்று நாள் அந்த அறையில் ஆள் இருந்தது. பேராச்சி அவள் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தாள். எடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“எங்கக்கா செத்தப்ப எனக்கு இங்க துட்டி கேக்க ஒரு நாதி இல்ல மதினி. கொளாயடியில நின்னே அழுதேன், குளிக்கேன்னு நெனைச்சுட்டுப் போயிட்டாளுவ. அதான் ஒங்களக் கண்டதும் ஓடியாந்தேன்.”

அப்போது சொர்ணம்மாள் அழ நினைத்தாள். நிஜமாகவே. கண் எரிந்ததே தவிர ஈரம் வரவில்லை.

5

நாலாம் நாள் சால் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அதன்பிறகு அவள் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

காலையில் கண்ணுக்கு. சாயங்காலம், பேராச்சி வேலை விட்டு வரும் நேரம் பார்த்து, கன்னத்துக்கு.

பேராச்சி வந்து அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போவாள். மாதப் புட்டி பதினெட்டு நாளில் தீர்ந்துவிட்டது.* கண் சிவந்து, நூல் இரண்டாகத் தெரிந்து, காஜா கோணிக்கொண்டு போயிற்று. சட்டை கொடுக்கும் காசிம் பாய் ஒரு கட்டுச் சட்டைகளைத் திருப்பி வைத்தார். “இன்னொரு தடவை இப்படி வந்தா, வேற ஆளப் பாத்துக்கிடுவேன் பாயி.”

அடுத்த மாதம் புட்டி நிரம்பியது. சிந்தாமல் விட்டால்தான் முப்பது நாள் வரும். தன் கையால் விட்டால் சிந்தும். “வீட்டில் யாரையாவது மருந்தை விடச் சொல்லுங்கோ” என்றார் டாக்டர். சுலபமாகச் சொல்லிவிட்டார்.

* அந்தப் பன்னிரண்டு நாளும் வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து கண்மேல் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கேட்டது. காசில்லாத வைத்தியம், வேண்டியவர்கள் செய்து பாருங்கள்.

6

முடிவுக்கு மூன்று காகிதம் கிழித்தேன்.

முதலாவதில் சொர்ணம்மாள் உண்மையைச் சொல்கிறாள், பேராச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். படிக்க இதமாக இருந்தது. செத்த அக்காளை நினைத்து ஓடிவந்தவள் அப்படிச் சிரிப்பாளா?

இரண்டாவதில் பேராச்சி எழுந்து போய்விடுகிறாள், மறுபடியும் எட்டு மாதம். அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவதில் சொர்ணம்மாள் எதுவும் சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, பாதி கண்ணுக்கும் பாதி கன்னத்துக்குமாக

(இதை முடிக்கவே இல்லை.)

ஆகவே, நடந்தவரை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சொர்ணம்மாள் புட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேராச்சியின் வாசலில் நிற்கிறாள். கண்ணிலும் கன்னத்திலும் ஒரு பொட்டு ஈரமில்லை.

“வாங்க மதினி. கையில என்ன அது?”

“கண்ணுக்கு மருந்து. எனக்கு விடத் தெரியல. நீ விட்டுவிடுதியா?”

“அதுக்கென்ன, தாங்க. இப்படிப் படுங்க.” பேராச்சி அவள் தலையை மடியில் வைத்து இமையை விரித்தாள். ஒரு சொட்டு விழுந்தது. நிறைந்து, கடைக்கண் வழியாக மெல்ல வழிந்தது. பேராச்சியின் கை அப்படியே நின்றது. சாயங்காலங்களில் கண்ட அதே ஈரக்கோட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பேராச்சி, எனக்குத் தங்கச்சி...”

கண்ணுகளா, இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். ‘கிடையாது’ என்றும் முடிக்கலாம், ‘நெனப்பாவே இருக்கு’ என்றும் முடிக்கலாம். அவளுக்காக ஒரு பொய்யை ஏற்கெனவே எழுதிவிட்டேன். இதை நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்குமுன் அந்த மடியில் ஒரு நிமிஷம் தலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நேரமாகிவிட்டது, புறப்படுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும், அழுது காட்ட வேண்டிய அவசியம் இல்லாமலே, பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும். நல்லா இருங்கள்.