ஐயாவின் ஒப்புதல்

1

‘நான் யார்?’ மனித குலத்தின் ஆதிக் கேள்வி இதுதான். ஞானிகள் காட்டுக்குப் போய்த் தேடிய பதிலை, இணையத் திருட்டுக்குக் காப்பீடு தரும் நிறுவனம் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் கேட்கிறது.

இந்தத் தரிசனத்திலிருந்து கதை பிறந்தது என்று சொல்ல ஆசைதான். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நடந்த பேச்சை ஒட்டுக்கேட்டேன். மிச்சம் கற்பனை.

2

அவன் விழிகளில் வலைப்பின்னலின் எல்லையற்ற

(வேண்டாம். அவன் விழிகளில் தூக்கம்தான் இருந்தது.)

அவன் அந்தக் கூடத்தின் கணினிக்காரன். எல்லாரும் ‘பாஸ்வேர்டு’ என்றே கூப்பிடுவார்கள். அந்தக் காப்பீடு இல்லாவிட்டால் இனி ரத்த மாதிரிகளை அனுப்ப மாட்டோம் என்று பெரிய மருத்துவமனை சொல்லிவிட்டது. அதனால் ஒரு மாதமாக ஆளாளுக்குக் கெஞ்சி, கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, நுழையும்போது அவரவர் போனுக்கே வரும் குறியெண் என்று ஒழுங்குபடுத்தியிருந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, படிவத்தின் முப்பத்தோராம் கேள்வியில் மாட்டிக்கொண்டான். ‘இப்போது பணியில் இல்லாதவர்களின் கணக்குகள் நீக்கப்பட்டுவிட்டனவா?’ அடியில் அவன் கையெழுத்து. பொய் என்று தெரிந்தால் காப்பீடும் செல்லாது, அவன் வேலையும் போகும்.

ஒரே ஒரு கணக்குதான் பாக்கி. கூடத்தை நிறுவிய ஐயாவுடையது. அவர் இறந்து நான்கு வருடமாகிறது. ஆனாலும் தினமும் சரியாக ஒன்பதுக்கு உள்ளே நுழைகிறார். உயிரோடு இருந்தவரை பத்தரைக்குத்தான் வருவார்.

3

காரணம் எளிது. அங்கே முக்கியமான எந்த மாற்றத்துக்கும் இருவர் ஒப்புதல் வேண்டும்: ஐயா, அவர் மகள். மகள்தான் இப்போது முதலாளி. காலை ஒன்பதுக்கு வந்ததும் முதலில் தன் பெயரில் சம்மதிப்பார். பிறகு கைப்பையிலிருந்து அப்பாவின் பழைய போனை எடுத்து, குறியெண்ணைப் பார்த்து, அப்பாவாகவும் உள்ளே நுழைந்து சம்மதிப்பார். அந்த போனுக்கு ஒருநாளும் சார்ஜ் குறைந்ததில்லை.

“மேடம், ஐயா கணக்கை எடுத்துடலாம்.”

“எங்கப்பாவை எடுக்கணும்னு எங்கிட்டயே சொல்றியா?”

“கணக்கைத்தான் மேடம். ரெண்டாவது ஆளா லேப் அக்காவைப் போட்டுக்கலாம்.”

“அவ கேள்வி கேப்பா.”

மேடம் குரலைத் தாழ்த்தினார்.

“உயிரோட இருந்தப்ப நான் கேட்ட எதுக்கும் அப்பா சரின்னு சொன்னதில்ல தம்பி. இப்பதான் சொல்றாரு.”

(இங்கே அவன் நெஞ்சு உருகியது என்று எழுத வேண்டும். உருகியது. மணி நாலரை என்பதால் உடனே உறைந்தும் விட்டது.)

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ. அவன் ‘இல்லை’ என்று உண்மையை எழுதி, காப்பீடு கிடைக்காமல், தலைநிமிர்ந்து வேலையை இழக்கிறான். இதை அவன் மனைவியிடம் போனில் சொல்லிப் பார்த்தான். “எழுதிட்டு வாங்க. ராத்திரி சோத்துக்கு அதையே தொட்டுக்கலாம்” என்றாள்.

ஆ. முகமூடித் திருடன் ஒருவன் ஐயாவின் கணக்கு வழியே நுழை

(திருடனுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.)

இ. மேடம் மனம் மாறுகிறார். இது பாதி நடந்தது. நீக்கும் கோரிக்கைக்குத் தன் பெயரில் ‘சம்மதம்’ என்று அழுத்தினார். நீக்குவதற்கும் இருவர் ஒப்புதல் வேண்டும். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்தார், வெகுநேரம் பார்த்தார், அப்பாவாக ‘மறுக்கிறேன்’ என்று அழுத்தினார்.

“ஐயா ஒத்துக்கல” என்றார் அவனிடம். நான் என்ன செய்ய என்பதுபோல் கையையும் விரித்தார்.

5

முடிவை உங்களிடம் விடுவதாகத்தான் இருந்தேன். ஆமா, இல்லையா, நீங்களே குறித்துக்கொள்ளுங்கள் என்று கடைசி வரிகூட எழுதிவிட்டேன்.

ஆனால் படிவம் நாலு ஐம்பத்தெட்டுக்கே போய்விட்டது. முப்பத்தோராம் கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்திருந்தான். தினமும் சரியாக ஒன்பதுக்கு வருகிறவரைப் பணியில் இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?