எல்லாம் எடுத்து வைத்த வீடு

அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தவள், மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடியபோதுதான் தரையைப் பார்த்தாள். தரை தெரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழுதாகத் தெரிந்தது. அழுகை பாதியில் நின்றுவிட்டது.

தம்பி வீட்டில் தரை தெரிந்து அவள் பார்த்ததே இல்லை. ஐந்து வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. பெரியதற்கு வாலு என்றும் சின்னதற்கு உருண்டை என்றும் பேர். பள்ளிக்கூடம் வேறு லீவு. இரண்டும் சேர்ந்தால் ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது. மரக்கட்டை, மெழுகுக் கலர், சக்கரம் போன கார், ஒற்றைக் காலுறை, பாதி கடித்துப் போட்ட பிஸ்கட். போன தடவை கிளம்பும்போது அவள் கைப்பைக்குள் ஒரு பொம்மை யானை இருந்தது. இன்றைக்குச் சாவு வீட்டில் ஒரு துரும்பு இல்லை. சுவரோரம் பிளாஸ்டிக் டப்பாக்கள் மூடி போட்டு வரிசையாக நின்றன.

இதையெல்லாம் யார் எடுத்து வைத்தது? உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டே பழகிய குரல் அது. பெரிய துணிக்கடை ஒன்றில், வெளியே போகிற வாசலில் நின்று பில்லையும் பையையும் ஒத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. கூட வேலை செய்கிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்கேனர் என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அது தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பாவை மறுபடி பார்த்தாள், இந்தத் தடவை வாசலில் நின்று பார்க்கிற கண்ணோடு. நெற்றியில் அடி இல்லை. முழங்கை லேசாகக் கன்றியிருந்தது. இடது காது மடலில் கீறல்கள், நகம் பட்டது போல.

"எப்படிடா ஆச்சு?"

"ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னாருக்கா" என்றான் தம்பி. "நான் வேலைக்குப் போயிட்டேன். இவ மாடில துணி காயப் போட்டுட்டு இறங்கி வந்தா, நடு ஹால்ல கிடந்திருக்காரு."

தம்பி மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் நாத்தனாரின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. பில் போடாத சட்டையைப் பையின் அடியில் செருகியிருப்பவர்களும் இப்படித்தான் வேறு எங்கோ பார்ப்பார்கள்.

"வீட்டை யாரு ஒதுங்க வெச்சது?"

"யாரும் ஒதுங்க வெக்கல அண்ணி."

"பின்ன? தானா ஒதுங்கிக்கிச்சா?"

தம்பி மனைவி தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். அப்பா ஏதோ பொம்மையை மிதித்து வழுக்கி விழுந்திருக்கிறார். இவள் நாலு பேரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அள்ளி டப்பாவில் போட்டிருக்கிறாள். மாமனார் நடு ஹாலில் இழுத்துக்கொண்டு கிடக்க, மகராசி வீட்டை அழகு பார்த்திருக்கிறாள்! அவள்தான் படித்துப் படித்துச் சொன்னாளே, அப்பாவுக்கு முட்டி சரியில்லை, இந்தக் குப்பைமேட்டில் வைத்திருக்காதீர்கள், என்னோடு அனுப்பிவிடுங்கள் என்று. அவரும் வரவில்லை. "இதுங்களை விட்டுட்டு எங்கம்மா வர்றது?" என்று இளிப்பார். இப்போது என்ன ஆயிற்று?

அப்பாவுக்கு அண்ணன், அவளுக்குப் பெரியப்பா, நாற்காலியில் துவண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "எனக்கு ஒண்ணும் சரியாப் படல பெரியப்பா. எதையோ மிதிச்சுத்தான் விழுந்திருக்காரு. இவ மறைக்கிறா. வண்டி வர்றதுக்குள்ள கண்டுபிடிக்கிறேன். அது மட்டும் நெஜமா இருந்தா, எல்லார் முன்னாலயும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு, இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். தம்பி உறவு அறுந்துபோகிற பேச்சு என்று அவருக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரியும். கூடப் பிறந்தவன் என்று அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். ஆனால் அப்பா எப்படிப் போனார் என்பது தெரியாமல் அவளால் இருக்க முடியாது.

தேடுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் ஆரம்பித்தாள். அப்பா பஸ் டிப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் இருந்தவர். ரிட்டயர் ஆகி இங்கே வந்ததும் அந்த ஸ்டோரையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். செருப்பு வைக்கிற பலகையில் வாலுவின் பாதத்தையும் உருண்டையின் பாதத்தையும் பெயிண்டில் வரைந்திருந்தார். செருப்பு அந்தப் பாதத்தின்மேல்தான் நிற்க வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் பைக்கும் துண்டுக்கும் கொக்கிகள். உருண்டைக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே இருப்பதன் படம். போனில் பெருமை பொங்கச் சொல்லுவார். டப்பா இருந்து என்ன, அதில் போடுகிற ஆள் வேண்டாமா என்று அவள் சிரிப்பாள்.

டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். கட்டை டப்பாவில் கட்டை. கார் டப்பாவில் கார், கழன்ற சக்கரம் உட்பட. ஸ்கெட்ச் பேனாக்களுக்கு அந்தந்தக் கலர் மூடி. பலகையில் நாலு குட்டிச் செருப்பும் பாதம் மாறாமல் நின்றன. அவள் நெற்றியைச் சுருக்கினாள். பதறி அடித்து அள்ளிப் போட்டவள் இப்படிப் பிரித்தா போடுவாள்? அப்படியானால் நிதானமாகச் செய்திருக்கிறாள். அது இன்னும் மோசம்.

குழந்தைகள் அறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏய் வாலு, அங்க என்னடி பண்றே?"

"தேடுறேன்."

"என்னத்த?"

"தெரியல அத்தை. ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு."

அவள் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குரலில் சர்க்கரையைக் கலந்துகொண்டாள். "காலைல நீதான தங்கம் தாத்தாகூட இருந்தே? தாத்தா எதை மிதிச்சு விழுந்தாரு?"

"விழல. வண்டி நின்னுபோச்சு."

"எந்த வண்டி?"

வாலு வெளியே வந்து, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள். "தாத்தாதான் பஸ்ஸு. வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லிக் கீழ படுத்துக்குவாரு. கண்ணைத் திறக்க மாட்டாரு, கூப்பிட்டாலும் பேச மாட்டாரு. எல்லாப் பார்ட்டையும் டப்பாவுல போட்டுட்டு வந்து காதைத் திருகணும். அதான் சாவி. டுர்ருன்னு எந்திரிப்பாரு. ஒண்ணு விட்டாலும் ஸ்டார்ட் ஆக மாட்டாரு."

"தினமுமா?"

"அம்மா துணி காயப் போடப் போறப்போ. அம்மா வர்றதுக்குள்ள முடிக்கணும்." வாலு கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒண்ணுமே சொல்லாம படுத்துட்டாரு. நாங்க வேகமா எடுத்து வெச்சோம். உருண்டைகூட. காதைத் திருகினேன், எந்திரிக்கல. அப்புறம் பேனா மூடியெல்லாம் போட்டோம். திருகினேன். அப்புறம் செருப்பு. ரொம்ப வாட்டி திருகினேன் அத்தை. கெட்டியாக்கூட."

உள்ளே இருந்த அந்தக் குரல் வாயை மூடிக்கொண்டது. வாலு அதற்குள் மெத்தையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டிருந்தாள்.

கதவு திறந்தது. தண்ணீர்ச் செம்போடு தம்பி மனைவி நின்றாள். கேட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அவகிட்டயே கேட்டுட்டீங்களா அண்ணி?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்க தம்பிகிட்டகூட நான் சொல்லல." குரல் அடங்கியே இருந்தது. "அவ்ளோ நேரம் பிள்ளைங்க சத்தமே இல்லாம எடுத்து வெச்சிட்டு இருந்திருக்குங்க. நான் மேல பக்கத்து வீட்டுக்காரங்ககூடப் பேசிட்டு நின்னுட்டேன். இது வெளிய போனா என்ன ஆகும்? அப்பவே கூப்பிட்டிருந்தா தாத்தா பொழைச்சிருப்பாருன்னு யாராவது ஒருத்தர் அவ காது படச் சொல்லுவாங்க. பெரிசானாலும் அது போகாது. நீங்க என்னையே சந்தேகப்பட்டுக்கங்க அண்ணி. பரவால்ல."

அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"கிடைச்சிருச்சு!"

மெத்தை இடுக்கிலிருந்து உருவிய ஒரு காலுறையோடு வாலு இருவரையும் இடித்துக்கொண்டு ஓடினாள். பிடிப்பதற்குள் ஹாலுக்குப் போய்விட்டாள். காலுறைப் படம் ஒட்டிய டப்பாவைத் திறந்து, போட்டு, மூடினாள். மூடியை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே புகுந்து போய், தாத்தாவின் இடது காதைப் பிடித்துத் திருகினாள்.

"ஐயோ, பிள்ளையைப் பிடிங்கப்பா!" என்றது ஒரு குரல். யாரும் பிடிக்கவில்லை. வாலு குனிந்து தாத்தாவின் வாய்க்கு நேரே தன் காதை வைத்துக் கேட்டாள். மறுபடி திருகினாள்.

தம்பி விழித்தான். "என்னடி பண்றே?"

"என்னம்மா இது?" பெரியப்பா நாற்காலியிலிருந்து திரும்பினார். "நீ ஏதோ எல்லார் முன்னாலயும் கேக்கணும்னியே, கேளு."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் நேரே சுவரோரம் போனாள். கட்டை டப்பாவைத் தூக்கி, மூடியைக் கழற்றி, நடு ஹாலில் கவிழ்த்தாள். அப்புறம் கார் டப்பா. கார்கள் நாலாபக்கமும் ஓடி நாற்காலிக் கால்களில் முட்டி நின்றன. சாவு வீட்டில் இவளுக்கு என்ன வந்தது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அத்தை! கொட்டாதீங்க!" வாலு அலறினாள். "தாத்தா எந்திரிக்க மாட்டாரு!"

"எந்திரிக்க மாட்டாருடி தங்கம்."

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து வாலுவை மடியில் இழுத்துக்கொண்டாள். காதோடு சொன்னாள், அந்தக் காதுக்கு மட்டும். "நீ எதையும் விடல. எல்லாத்தையும் சரியா வெச்சே. இது ஆட்டம் இல்லடி. தாத்தா செத்துப்போயிட்டாரு. இதெல்லாம் கீழ கிடந்தாலும் அவ்வளவுதான், டப்பாவுல இருந்தாலும் அவ்வளவுதான்."

வாலு அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள், நம்பலாமா கூடாதா என்பது போல. பிறகு அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

"ஹார்ட்டுதான் பெரியப்பா" என்றாள் அவள், அழுகைக்கு மேலே குரலை உயர்த்தி. "கேக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

உருண்டை எப்போதோ வந்து கட்டைகளை அடுக்க ஆரம்பித்திருந்தது. தம்பி மனைவியும் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்த இரண்டு ஆட்கள், ஹால் முழுக்கச் சிதறிக் கிடந்ததைப் பார்த்துத் தயங்கினார்கள். தம்பி பதறிப்போய்க் கையாலேயே ஓரமாகத் தள்ளப் போனான்.

"விடுடா, இருக்கட்டும்" என்றாள் அவள். ஆட்களைப் பார்த்து, "பசங்க விளையாடிட்டு இருக்காங்க. பார்த்து, ஓரமா வாங்க."

அவர்கள் சுவரை ஒட்டி, ஒவ்வொரு அடியாகக் கால் வைக்க இடம் பார்த்து உள்ளே வந்தார்கள்.