பூட்டு வைத்தியம்

"நடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே மூத்தவர் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார்.

பூட்டிய அறைக்குள் தம்பி சுவரை அறைந்துகொண்டிருந்தான். எறும்பு, எறும்பு என்று தொண்டை கிழியக் கத்தினான். காலையில் அந்தச் சுவரைத் துடைத்த அவன் மனைவிக்குத் தெரியும், அங்கே எறும்பே இல்லை. குடியை நிறுத்தி அன்று மூன்றாம் நாள்.

கைராசிக்காரத் தச்சன் அவன். ஆனால் நாலைந்து வருஷமாக, கண் விழித்ததும் இரண்டு மடக்கு உள்ளே போனால்தான் இழைப்புளி கைக்கு அடங்கும். மற்றவர்களுக்குக் குடித்தால் நடுங்கும். இவனுக்குக் குடிக்காவிட்டால் நடுங்கியது. போன வாரம் உளி நழுவி உள்ளங்கையைக் கிழித்ததும் அழுதபடி அண்ணன் முன்னால் போய் நின்றான். தன்னைப் பூட்டி வைக்கச் சொன்னவனே அவன்தான். மூத்தவர் கிடங்கு மேஸ்திரி, அறுபது ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர். அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வருஷக்கணக்காகக் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தியவர்கள் வியர்த்து நனைந்து, இல்லாததைக் கண்டு அலறி, வலிப்பில் விறைப்பதை வார்டுகளில் பார்த்திருக்கிறாள். அப்படி இரண்டு பேர் செத்த விரிப்புகளையும் அவள்தான் துவைத்தாள். மாத்திரை கொடுத்து, கூடவே இருந்து கவனித்துத்தான் நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தாள். அழுக்குத்துணி துவைக்கிறவள் வைத்தியம் பேச வந்துவிட்டாளா என்று மூத்தவர் சிரித்தார்.

இப்போது பூட்டைத் திறந்து உள்ளே போனார். முதல் வீச்சு முதுகில் விழுந்தது. தம்பிக்கு அண்ணனை அடையாளம் தெரியவில்லை. யாரோ கொல்ல வந்திருக்கிறான் என்று பாய்ந்து தோளைக் கடித்தான். மூத்தவர் அவன் முடியைப் பற்றித் தலையைச் சுவரில் மோதினார். பிறகு பெல்ட்டின் இரும்புக் கொக்கி இறங்கியது. காதில், கண்ணோரத்தில், உதட்டில். மனைவி குறுக்கே விழுந்தாள். அவள் கழுத்திலும் ஒன்று பட்டது.

அவன் கண்கள் மேலே செருகின. உடம்பு பலகையாய் விறைத்துத் தரையில் சாய்ந்து உதறத் தொடங்கியது. வாயோரம் நுரை சிவப்பாக வழிந்தது.

"இதுவும் நடிப்புதான்." பெல்ட் மறுபடி உயர்ந்தது.

அவள் வெளியே ஓடினாள். கூடத்தில் கிடந்த அவன் வேலைப் பையிலிருந்து கொட்டாப்புளியை உருவிக்கொண்டு வந்தாள். அந்தக் கனத்த மரச்சுத்தியை இரண்டு கையாலும் ஓங்கி மூத்தவரின் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிவது அவள் காதிலேயே கேட்டது.

"வெளிய போங்க மாமா. இன்னொரு அடி அவர் மேல விழுந்தா அடுத்தது உங்க மண்டையில."

புருஷனை ஒருக்களித்துப் படுக்க வைத்து உதறல் நிற்கும்வரை தலையைத் தாங்கிக்கொண்டாள். பிறகு பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். தாமதித்திருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பான் என்று டாக்டரம்மா சொன்னார். இது ரோஷமில்லாத குறை அல்ல, குடிக்குப் பழகிப்போன மூளை திடீரென அது இல்லாமல் தறிகெட்டு ஓடுகிறது என்றார். மறுபடி குடித்தாலும் குடிப்பான், அடிக்காமல் இங்கேயே கூட்டி வா என்றும் சொல்லி வைத்தார். அங்கே சேர்த்த ஐந்தாம் நாள் அவன் அவளை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டான்.

அதே நாளில் வீட்டில் உறவு கூடியது. மூத்தவர் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி முகத்தில் விழுந்த ஏழு தையலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குடும்பத்துக்கு மூத்தவர்மேல் ஒரு பெண் கை நீட்டலாமா என்பதுதான் வழக்கு. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்று பெரிய மனசோடு முடிவு செய்தார்கள்.

அவள் எழுந்து மூத்தவர் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. மொத நாளே அடிச்சிருக்கணும். மூணு நாள் பொறுத்தது என் தப்புதான்."