பன்னிரண்டாவது எலி

தன் கை முரடு என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற ரகமில்லை யசோதா. பதினோரு வருடமாக எலி வாலில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறாள். ஒன்றுகூட அவளிடம் கீச்சென்றதில்லை.

காகிதத்தை நீட்டியவர் வைத்தீஸ்வரன், பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டிய ஆய்வகத்தின் தலைமை விஞ்ஞானி. சோதனைக்காகத் தொந்தரவு செய்த எலிகளுக்குப் பதற்ற ஹார்மோன் ஏறியிருக்க வேண்டும். சும்மா விட்ட பன்னிரண்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு கூட்டத்துக்கும் சராசரி ஏறித்தான் கிடந்தது. நான்கு மாத உழைப்பு பாழ். பழியை யார் தலையிலாவது கட்டவேண்டுமே, ஊசி பிடித்தவள் தலை கைக்கு எட்டியது.

"ரத்தம் எடுத்ததிலே தப்பு, சாம்பிளிங் எரர்னு ஒரே வரிதாம்மா. போட்டுட்டா கான்ட்ராக்ட் ரினியூ ஆயிடும்."

"போடலேன்னா?"

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

யசோதாவின் மகள் வீணா பி.யூ. காலேஜில் படிக்கிறாள், வேலை போனால் வீடே ஆட்டம் கண்டுவிடும். அதற்காகப் பேரைக் கெடுத்துக்கொண்டு பிழைப்பதா? ரிசல்ட் தாளை இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சும்மா விட்ட பன்னெண்டையும் எடுத்த வரிசையிலே படிங்க சார். மொத எலி நாப்பது. ஆறாவது நூத்தி எம்பது. பன்னெண்டாவது முன்னூத்திப் பத்து. என் கை முரடுன்னா மொத எலிக்கும் ஏறியிருக்கணும் இல்லே?"

அவர் விரலை வைத்து எண்களை மேலிருந்து கீழே பார்த்தார்.

"கூண்டை அசைச்ச மூணு நிமிஷத்துக்குள்ளே ரத்தம் எடுத்துடணும், இல்லேன்னா அந்தப் படபடப்பே ஏறிடும்னு சொல்லிக் குடுத்ததே நீங்க. ஒவ்வொண்ணா கொண்டாங்கன்னேன். டைம் வேஸ்ட்னு பன்னெண்டையும் ஒரே ட்ராலியிலே ஏத்த வெச்சீங்க. கடைசி எலி முக்கால் மணி நேரம் வராந்தாவிலே கெடந்துச்சு. நீங்க நான் ஊசி எடுத்ததிலேர்ந்து டைம் பாத்தீங்க. எலி, ட்ராலி ஆடினதிலேர்ந்து பாத்துச்சு."

வாசலில் நின்ற ட்ராலிக்காரர் கோவிந்தப்பா, யாரும் கேட்காமலே, "ஹௌது சார்," என்று கன்னடத்தில் ஆமோதித்தார்.

யசோதா அந்த ஒரு வரியை அடித்தாள். கீழே எழுதினாள்: 'டாக்டர் வைத்தீஸ்வரன் சொன்னபடி கூண்டுகள் மொத்தமாகக் கொண்டுவரப்பட்டன. ஊசி போட்டதில் பிழையில்லை.' தேதி போட்டு, முழுப்பெயரையும் எழுதினாள்.

"என் கையெழுத்து இதுக்குத்தான். வேணாம்னா என்னை அனுப்பிடுங்க."

சார் இரண்டு முறை படித்தார். கிழிக்கவில்லை.

"மறுபடியும் மொதல்லேர்ந்து செய்யணுமே. யாரும்மா ரத்தம் எடுக்கறது?"

"நான்தான். ரினியூவல் பேப்பரை ரெடி பண்ணுங்க." எழுந்து கதவுவரை போனவள் திரும்பினாள். "கூண்டை மட்டும் ஒவ்வொண்ணா நீங்களே தூக்கிட்டு வரணும் சார். ஆட்டாம."