ரேஷன் கார்டு போட்டோ

“அந்தப் படத்த அழிச்சிருங்க.”

“எதுக்குங்க? ஹார்ட் டிஸ்க்ல ஒரு மூலையில கெடந்துட்டுப் போகுது.”

“எனக்கே வேணாம்ங்குற படம் உங்ககிட்ட எதுக்கு? அழிச்சிருங்க.”

“சரி, உங்க இஷ்டம்.”

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முத்துமீனாவுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. அவளைத் தூங்கவிடாதது அந்தக் கடைசி ‘சரி’தான். சொன்னபடி அழித்துவிட்டானா? இல்லை, அப்போதைக்கு வாய்க்குச் சொல்லிவிட்டு மறந்துபோனானா?

அந்த அழகுராஜாவை அவள் வாரத்துக்கு ஒரு தடவையாவது மனசுக்குள் நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். ஒரு தடவை கூட அவனைத் தப்பிக்க விட்டதில்லை.

ஆரப்பாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹாலில், மாசத்தின் முதல் ஞாயிறு காலையில் அவர்கள் கூடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். யாருக்கும் போட்டோ தொழில் இல்லை. முத்துமீனா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அழகுராஜா அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டிருப்பவன். சோலை அண்ணன் தபால்காரர். எல்லோருடைய மெமரி கார்டையும் சோலை வாங்கி, பெயரை மறைத்து எண் போட்டு அழகுராஜாவிடம் கொடுப்பார். அவன் படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி பிரின்ட் போட்டு வருவான். பிறகு சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு படம். யாருடையது என்று தெரியாமல் அதைப் பற்றி எழுத வேண்டும். கூட்டத்தில் சோலை அதை வாசிப்பார். வாசித்து முடித்ததும் எடுத்தவர் எழுந்து, “படம் என்னோடது” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். பதில் பேசக் கூடாது. அதுதான் சட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முத்துமீனாவின் படம் அழகுராஜாவுக்கு விழுந்தது. வீட்டு வாசலில் அவள் அம்மா தங்கப்பொண்ணு நிற்கிற படம். அம்மாவைச் சிரிக்கச் சொன்னாள், சாய்ந்து நிற்கச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை. “போட்டோன்னா நேராத்தான்டி நிக்கணும்” என்று கையிரண்டையும் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, லென்ஸை நேருக்கு நேர் பார்த்தாள். முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் குனிந்து நாற்று நட்ட உடம்பு அது. அப்படி நிமிர்ந்து அவள் நின்று முத்துமீனாவே பார்த்ததில்லை.

அதற்கு அழகுராஜா ஒரே வரி எழுதியிருந்தான். ‘இது படம் இல்லை, ரேஷன் கார்டு போட்டோ.’

ஹாலே சிரித்தது. முத்துமீனா எழுந்து, “படம் என்னோடது” என்றாள். உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்ததும் அவனிடம் போய் அந்த நாலு வரிப் பேச்சைப் பேசினாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பிரின்ட்டை நாலாகக் கிழித்தாள். பஸ் கிளம்புவதற்குள் மெமரி கார்டையும் துடைத்துவிட்டாள்.

நாலு மாசத்தில் அம்மா போய்விட்டாள். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அப்பா பீரோவைக் கிளறினார். வீட்டில் இருந்தது ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான். கண் பாதி மூடி, யாரோ அதட்டியது போல உதட்டைக் கடித்துக்கொண்டு இருக்கும் அம்மா. அதைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். இன்றைக்கும் முத்துமீனா தலை வாருகிற கண்ணாடிக்கு மேலே அது தொங்குகிறது.

அழகுராஜாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்கத்தான் முடியவில்லை. அவனிடம் போய்க் கெஞ்சுவதாவது என்கிற ரோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம். கேட்காத வரைக்கும் அந்தப் படம் எங்கோ இருக்கிறது. கேட்டு, “நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க” என்று அவன் சொல்லிவிட்டால் அம்மா இரண்டாவது தடவை போய்விடுவாள்.

கேட்க முடியாததெல்லாம் அவளுக்குள் பகையாக முற்றியது. ஒருநாள் அவன் படம் என் கைக்கு வராமலா போகும் என்று காத்திருந்தாள். கூட்டத்தில் அவன் படம் எதுவென்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. அவன் கேமராவின் சென்சாரில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. வானம் விழுகிற படமென்றால் வலது மேல் மூலையில் கடுகளவு சாம்பல் புள்ளி தெரியும். எந்தப் படமானாலும் அதே இடம், மச்சம் மாதிரி. மற்றவர்கள் கவனித்ததில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவளுக்கு அது தப்புமா?

போன புதன்கிழமை சோலை கடைக்கு வந்து கவரை நீட்டினார். “தங்கச்சி, உனக்கு ஏழாம் நம்பரு. சனிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துரு.”

பிரித்தாள். மொட்டை மாடிக் கொடியில் ஒரு சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூட யூனிபார்ம் காய்கிறது. காற்று உள்ளே புகுந்து, கையும் வயிறும் உப்பி, பிள்ளையே அந்தரத்தில் ஓடுவது போல இருந்தது. பின்னால் முழுக்க வானம். வலது மேல் மூலையில் சாம்பல் புள்ளி.

முத்துமீனா கடையிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். கண் பரிசோதனைப் பலகையில் எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர், “தப்பாச் சொல்லிட்டேனாம்மா?” என்று திரும்பிப் பார்த்தார்.

படம் நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். அவன் காளை மாட்டையும் கரும்புக் காட்டையும் விட்டு வந்து, முதல்முறையாக உயிருள்ள படம் ஒன்றை எடுத்திருக்கிறான். அது தெரிந்தேதான் அவள் எழுதினாள். மூன்று தாள் கிழித்து நாலாவது தாளில் சரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். முத்துமீனா, அழகுராஜாவின் முகம் நன்றாகத் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். சோலை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“ஏழாம் எண். எழுதினது முத்துமீனா. ‘இது படம் இல்லை, துணிக்கடை நோட்டீஸ். கேமரா தானாக எடுத்துக்கொண்டது. எடுத்தவருக்கு இதில் வேலையே இல்லை. மூலையில் ஒரு தூசி இருக்கிறது. தன் கேமராவில் இருக்கும் தூசி தெரியாதவர் அடுத்தவர் படத்தைப் பார்ப்பது எதற்கு? இது ரேஷன் கார்டில் ஒட்டக்கூட ஆகாது.’”

சோலையின் குரல் கடைசி வரியில் தாழ்ந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. முத்துமீனா அழகுராஜாவையே பார்த்தாள். அவன் முகம் செத்துப்போயிருந்தது. எழுந்திருடா, எழுந்து சொல்லு, என்னோடதுன்னு சொல்லு. இரண்டு வருஷத்துப் பசிக்கு இலை போட்டாயிற்று.

அவன் எழுந்திருக்கவில்லை. திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தான்.

அங்கே ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, கழற்றி வைக்க மறந்து பஸ் ஏறியிருக்க வேண்டும்.

“படம் என்னோடதுங்க. எம் பேரு பாண்டீஸ்வரி. டெய்லரு. இந்தா ஒக்காந்திருக்கானே அழகுராஜா, இவென் அக்கா. இவென் கேமராவத்தான் வாங்கி எடுத்தேன். இதான் நான் எடுத்த மொதப் படம்.”

முத்துமீனா கயிற்றில் தொங்கிய ஏழாம் எண்ணின் மூலையை மறுபடி பார்த்தாள். தூசி கேமராவோடு இருப்பது. ஆளோடு இருப்பதில்லை. அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

“சரிக்கா, ஒக்காருங்க. பதில் பேசக் கூடாது, சட்டம்” என்றார் சோலை.

“பதிலா? நான் எங்கண்ணே பதில் பேசுறேன்? ரேஷன் கார்டுல ஒட்ட ஆகாதுன்னு எழுதியிருக்காக. எங்க வீட்டு ரேஷன் கார்டுல இருக்குற என் மூஞ்சிய இந்தம்மா பாத்ததில்ல போல. பேயே பயந்து ஓடும். அதுக்கு இது எம்புட்டோ தேவலாம்.”

இப்போது ஹால் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

“நோட்டீஸுக்கு எடுக்கலங்க. எம் மக போட்டுட்டுப் போற யூனிபாரம். நாந்தேன் தச்சேன். காத்துல அது ஓடுனாப்புல இருந்துச்சு. எனக்குப் புடிச்சுச்சு, எடுத்தேன். அம்புட்டுத்தான்.” உட்காரப் போனவள் நின்று, “அந்தத் தூசிய எப்பிடித் தொடைக்கிறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க” என்றாள்.

மற்ற படங்களைப் பற்றி வாசித்தது முத்துமீனாவின் காதில் விழவே இல்லை. அவள் கண்முன்னால் அந்த விரலும் டேப்புமே நின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஹாலில் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்தது. பாண்டீஸ்வரி கயிற்றிலிருந்து தன் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முத்துமீனா பக்கத்தில் போனாள்.

“அக்கா, உங்க படம் நல்லாருக்கு. நான் எழுதினது பொய்.”

பாண்டீஸ்வரி ஏற இறங்கப் பார்த்தாள். “பொய்யின்னு தெரிஞ்சா எழுதினீங்க?”

“ஆமா. உங்க தம்பி எடுத்ததுன்னு நெனச்சேன்.”

“அடி ஆத்தீ! அவென் மேல இம்புட்டு கோவமா? அதுசரி, எனக்குந்தான் அவென் மேல கோவம். அரிசி களையுறதக்கூட கொற சொல்லுவான்.” கிளிப்பைக் கயிற்றிலேயே மாட்டிவிட்டு, பிரின்ட்டைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை நீட்டினாள். “பொய்ய எழுதிக் குடுத்தீகள்ல, நெசத்தையும் எழுதிக் குடுங்க. வாயில சொன்னா எம் மக நம்ப மாட்டா.”

முத்துமீனா பேனாவை எடுத்தாள். ‘உள்ளே பிள்ளை இல்லாமலே பிள்ளை ஓடுகிற படம். எடுத்தவருக்குக் கண் இருக்கிறது.’

“கையெழுத்துப் போடுங்க. தேதியும் போடுங்க” என்றாள் பாண்டீஸ்வரி. வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு, டேப்போடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “தம்பி, நான் கீழ டீக்கடையில நிக்கிறேன். வாங்க வேண்டியத வாங்கிட்டு வா.”

அவள் இறங்கியதும் அழகுராஜா நேராக வந்தான்.

“என் மேல கோவம்னா என்னையப் பேசியிருக்கணும். ஒரு வாரமா எங்கக்கா வாரவன் போறவன் கிட்டயெல்லாம், ஞாயித்துக்கெழம என் படத்த வாசிக்கப் போறாகன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. உங்களுக்குந்தான் அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. எழுதலியா?”

“எதச் சொல்றீங்க?”

“ரேஷன் கார்டு போட்டோ.”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அவனுக்கு நினைவு வருகிற வரைக்கும் காத்திருந்தது அவளுக்கு இன்னொரு அவமானம். தான் இரண்டு வருஷமாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்த வரியை, எழுதினவன் எப்போதோ உதறிவிட்டிருக்கிறான்.

“வாசல்ல ஒரு அம்மா நேரா நிக்கும்… அதா?”

“அது எங்கம்மா.”

“சொல்லியிருக்கலாமே.”

“எப்பச் சொல்ல? பேசக் கூடாதுன்னு சட்டம். உங்கக்கா மாதிரி எனக்குத் தைரியம் இல்ல. அப்பறம் சொல்லத்தான் என்னா இருக்கு? எங்கம்மான்னு சொன்னா கெட்ட படம் நல்ல படம் ஆயிருமா?”

“கெட்ட படம்னு நான் சொல்லலங்க. ஒரு வரி சிரிப்பா இருக்கட்டும்னு எழுதினேன்” என்றான் அவன், தரையைப் பார்த்து. “அம்மா நல்லாருக்காகளா?”

கேட்டே விட்டான். எத்தனை பதில் தயார் செய்து வைத்திருந்தாள், எத்தனை ராத்திரி கூர் தீட்டியது! ‘இருக்காக, ரேஷன் கார்டுல இருக்காக’ என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவன் நொறுங்கிப்போவான். அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள்.

கயிற்றில் ஏழாம் எண் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. ஜன்னல் காற்றில் வெறும் கிளிப் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“இல்ல. தவறிட்டாக. அந்தப் படம் எடுத்து நாலு மாசத்துல.” அவன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் பேசிவிட்டால் அவளால் பேச முடியாமல் போகும்.

“மன்னிப்பு ஒண்ணும் கேக்காதீங்க, அது எனக்கு வேணாம். அன்னைக்கு அழிச்சிருங்கன்னு சொன்னது நாந்தான், இல்லேங்கல.” முத்துமீனா நிமிர்ந்தாள். கையிரண்டையும் தொங்கவிட்டு, அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“எங்கம்மா படம் இன்னும் உங்ககிட்ட இருந்தா, எனக்குக் குடுத்துருங்க.”